எந்த சோஷலிசம், ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பொருளாதாரக் கட்டுரையில், "மக்களை வரிசையில் நிற்க வைத்ததைத் தவிர சோஷலிசம் எதைச் சாதித்தது?" என்று ஒரு வரி. கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டார் கட்டுரையாளர்.

வரிசையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நின்றவன் நான். பையனைப் பள்ளிக்கூடத்தில் விடலாம் என்று ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தேன். வண்டி வந்து சேர்ந்தபோது அவன் தானே சைக்கிள் மிதித்துப் போய்க்கொண்டிருந்தான். தொலைபேசிக்கு மனுப் போட்டு ஏழு வருஷம். இணைப்புக் கொடுக்க வந்த லைன்மேனுக்கு என் மனைவி வாழையிலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டாள். எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட அந்த உபசாரம் நடந்ததில்லை.

ஆனால் அந்த ஸ்கூட்டரைச் செய்தது தனியார் கம்பெனி. வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்று டெல்லி லைசென்ஸ் கொடுத்தது. ஆலை முதலாளிக்கு, லாபமும் முதலாளிக்கு, வரிசை மட்டும் எனக்கு. ராஜாஜி இதற்கு 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்' என்று சரியாகத்தான் பெயர் வைத்தார், இதை எதிர்த்து 1959ல் சுதந்திராக் கட்சியும் தொடங்கினார். அரசாங்கம்தான் அதை சோஷலிசம் என்று சொல்லிக்கொண்டது. அரசாங்கம் சொல்லும் வேறு எதையும் நம்பாத உங்கள் கட்டுரையாளர் இதை மட்டும் அப்படியே நம்பிவிட்டார்.

1969ல் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள் அல்லவா, அப்படிப்பட்ட ஒன்றில் 1978ல் கிளார்க்காகச் சேர்ந்தேன். கிராமக் கிளை. எங்கள் கிளையில் நாலு பர்சென்ட் வட்டிக்குக் கடன் வாங்கிய இட்லிக்கார அம்மா ஒருவர் வாராவாரம் சுருக்குப்பையோடு வந்து கவுண்டரில் சில்லறையைக் கொட்டுவார். எண்ணி முடிக்க எனக்குக் கால் மணி நேரமாகும். ஒரு தவணை தப்பியதில்லை. அதே கவுண்டரில், பந்தல் போட்டு மைக் வைத்து கடன் மேளாவும் நடத்தினோம். சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்களுக்கு மாலை மரியாதையோடு கொடுத்தோம். அதில் பெரும்பகுதி திரும்பவில்லை. இதில் எதை சோஷலிசத்தின் கணக்கில் வரவு வைப்பது, எதைப் பற்று வைப்பது? நாற்பது வருஷம் பேரேடு எழுதியவன் கேட்கிறேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல, 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டார்கள். அந்தப் பந்தலுக்குப் போய்வந்தவர் என் அப்பா. பாணி என்றால் என்ன அப்பா என்று பிற்பாடு கேட்டதற்கு, "பட்டு மாதிரி இருக்கும், பட்டு இல்லை" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்புறம், அரசியல் சட்டத்தைப் பற்றி, '1950ல் நம் முன்னோர் முகவுரையில் பொறித்த சோஷலிசம்' என்று வேறு எழுதியிருக்கிறார். பொறிக்கவே இல்லை, ஐயா. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் கே.டி. ஷா அந்தச் சொல்லைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னார். சமுதாயம் எப்படி அமைய வேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து மக்களே முடிவு செய்யட்டும் என்று அம்பேத்கர் மறுத்துவிட்டார். அது உள்ளே வந்தது 1976ல், எமர்ஜென்சியில், 42வது திருத்தத்தோடு. அடுத்து வந்த ஜனதா அரசு, 'சுரண்டல் எதுவும் இல்லாத' என்று அதற்கு அர்த்தம் எழுதிவைக்கப் பார்த்தது. மக்களவை சரி என்றது, மாநிலங்களவை ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, அர்த்தம் இல்லாமலே சொல் மட்டும் நின்றது. 1989லிருந்து, தேர்தல் கமிஷனிடம் பதிவு கேட்கும் எந்தக் கட்சியும் சோஷலிசத்தில் விசுவாசம் வைப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும். ராஜாஜி இன்று வந்து சுதந்திராக் கட்சியைப் பதிவு செய்யப் போனால் பொய்ச் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்! கடைசியாக 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நம் நாட்டில் அதற்கு மக்கள் நல அரசு என்றுதான் பொருள், தனியார் தொழிலுக்கு அது தடையில்லை என்று சொன்னது. அப்படியானால், அட்டைக்கு அரிசி போடும் ரேஷன் கடையும் சோஷலிசம்தானே? தமிழ்நாட்டில் அது சாதித்தது ஒன்றுமில்லை என்று எழுத உங்கள் கட்டுரையாளருக்குத் துணிச்சல் உண்டா?

என் தொழிற்சங்கத்து நண்பர்களையும் விட்டுவைக்க மனமில்லை. சோவியத் யூனியன் உடைந்த மறுநாளிலிருந்து "அது அசல் சோஷலிசமே இல்லை" என்கிறார்கள். முந்தின வாரம் வரை அசலாக இருந்ததே, தோழர்?

உழைக்கிறவனே உடைமைக்காரன் என்பதுதான் அர்த்தம் என்றால், இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. 1957ல் காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தில் வேலை இழந்த ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்து நடத்தியது. கட்டுரையாளர் புதுச்சேரிப் பக்கம் போனால், அங்கே ஒரு கட்லெட் சாப்பிட்டுவிட்டு மீதியை எழுதட்டும்.

இவ்வளவையும் நீங்கள் போடமாட்டீர்கள் என்று தெரியும். நான்கு வருஷம் முன்பு வங்கி இணைப்பு பற்றி மூன்று பக்கம் எழுதினேன். இரண்டு வரி வந்தது. அந்த இரண்டு வரிக்குக் கீழே ஊரையும் திருவாரூர் என்று மாற்றிப் போட்டிருந்தீர்கள். அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. முகவுரையில் அந்தச் சொல் சேர்ந்தது 1976ல் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், போதும். கூடவே, என் ஊர் திருவையாறு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருவையாறு.