பிரஸ்ஸல்ஸிலிருந்து தாத்தாவுக்கு

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கச்சியை இதை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்.

படிப்பு முடிந்த நேரத்தில் தெருமுனை பீர் கடையில் வேலை பார்க்கிறேன் என்றதும் அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நம்மூர் ஒயின்ஷாப் மாதிரி இல்லை இது. வயசான தம்பதிகள் வருவார்கள், ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, சீஸ் துண்டைக் கடுகு விழுதில் தொட்டுத் தின்றபடி ஊர்க்கதை பேசுவார்கள்.

கிளாஸ் கழுவுவதுதான் என் வேலை. ஒவ்வொரு பீருக்கும் தனி கிளாஸ். மடத்துத் துறவிகளின் ஓர்வாலுக்குக் கனத்த கிண்ணம், க்வாக்குக்கு மரத் தாங்கியில் நிற்கும் குண்டடிக் கிளாஸ். துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை அமுங்கிவிடும். ஹூகார்டன் என்ற பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள், நம்ப முடிகிறதா!

உங்களுக்குச் சொல்ல வேண்டியது லாம்பிக் என்ற பீர் பற்றி. என் அறையிலிருந்து நடக்கிற தூரத்தில் கான்டியோன் என்று 1900-இல் தொடங்கிய பட்டறை இருக்கிறது. கோதுமையும் பார்லியும் கொதித்த சாற்றைக் கூரைக்கடியில் அகலமான செம்புத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. காற்றில் இருப்பதே புளிக்க வைக்கிறது. குளிர்மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுகிறார்கள். அப்புறம் மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஒரு வருஷத்தது, இரண்டு, மூன்று வருஷத்தது எல்லாம் கலந்தால் அந்தக் கலவை பீருக்கு க்யூஸ் என்று பெயர். சிலந்திவலையைக்கூடக் கலைப்பதில்லை, பழ ஈக்களைச் சிலந்தி பிடிக்கிறதாம்.

அந்தத் தொட்டியருகே நின்றபோது உங்கள் கலயம்தான் கண்ணுக்குள் வந்தது. சுண்ணாம்பு தடவாவிட்டால் பாளைச்சாறு தானாகவே கள்ளாகிவிடும் என்பீர்களே, அதே வித்தை! 2016-இல் பெல்ஜியத்தின் பீர்க் கலாச்சாரத்தை யுனெஸ்கோ மனிதகுல மரபாகப் பட்டியலில் சேர்த்தது. நீங்களோ 1987-இல் நம்மூரில் கள்ளுக்குத் தடை வந்த அப்புறம் பதநீரோடு நிறுத்திக்கொண்டீர்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, தாத்தா.

கடைக்கார அம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். அறுபதடி மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்குவீர்கள் என்றதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மாசிக் கள்ளுக்கும் சித்திரைக் கள்ளுக்கும் ருசி வேறு என்பீர்களே, அது ஏன் என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தங்கச்சியிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள்.

உங்கள் பேரன்