அற்றோணி எழுதிக் குடுக்க முதல் இதை வாசி

மச்சான்,

உன்ர மெசேஜ் வந்து ஒரு கிழமையாச்சு, வொய்ஸ் போடுவம் எண்டா மனுசி பக்கத்தில இருக்கேக்க இந்தக் கதை கதைக்கேலாது, அதுதான் இருந்து டைப் பண்ணுறன். தம்பி ஹார்ட்வெயார் கடைக்கு லோன் எடுக்க அம்மா இருக்கிற வீட்டை ஈடு வைக்க உன்னட்ட அற்றோணி, அதுதான் உனக்குப் பதிலாக் கையெழுத்து வைக்கிற அதிகாரம், கேக்கிறான் எண்டு எழுதியிருந்தாய். அவன் நல்ல பெடியன், உழைப்பாளி, அதில எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் உழைப்பாளிதான்.

2021 தொடக்கத்தில வட்டி நல்லாக் குறைஞ்சு கிடந்தது. மிளகாய் அரைக்கிற மில்லுக்கு ரெண்டாவது மெசின் எடுக்க 85 லட்சம் கடன் எடுத்தனான், 9.5 வீதம், மாதம் வட்டி மட்டும் 67 ஆயிரம் சொச்சம். ஈடு வச்சது மனுசியின்ர சீதன வீடு. மாறும் வட்டி எண்டு உறுதி எழுதுற நொத்தாரிசு வாசிச்சவர்தான், நான் தலையாட்டிப்போட்டுக் கையெழுத்து வச்சனான். பிறகு 2022 உனக்குத் தெரியும்தானே, மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஏப்ரலில இலங்கை நாடே கடன் கட்டேலாது எண்டு கையை விரிச்சிட்டுது, மத்திய வங்கி ஒரேயடியா வட்டியை 7 வீதம் கூட்டினது, வருசக் கடைசியில என்ர வட்டி 31 வீதத்தில நிக்குது. மாதம் 2 லட்சத்து 20 ஆயிரம் மச்சான், அதுவும் வட்டி மட்டும், முதல் அப்பிடியே கிடக்கும். இதுக்குள்ள கரண்ட் கட்டணம் ஆகஸ்டில 75 வீதம், அடுத்த பெப்ரவரியில 66 வீதம் எண்டு ஏத்தினவை. ஒரு கிலோ மிளகாயோட வந்த சனம் கால் கிலோவோட வந்து நிண்டது.

பராட்டே எண்ட சொல்லு எனக்கு அப்பதான் வடிவா விளங்கினது. வழக்கில்லாமலே ஈட்டுக் காணியை வங்கி ஏலத்தில விக்க விடுற 1990ஆம் ஆண்டுச் சட்டம். வழமையா ஈட்டுக் காணியை விக்கிறதெண்டா வங்கி வழக்குப் போடவேணும், அது வருசக்கணக்கா இழுபடும். பராட்டேயில பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் எடுத்தாக் காணும், அரசாங்க வர்த்தமானியிலயும் மூண்டு மொழிப் பேப்பரிலயும் போட்டிட்டு ஏலம். 50 லட்சத்துக்குக் குறைஞ்ச கடனுக்கு இது செல்லாது எண்டு 2011இல திருத்தினவை, எனக்கு அது தெரியவந்தது 85 லட்சத்தையும் எடுத்து மூண்டு வருசத்துக்குப் பிறகு! ஏல அறிவித்தல் பார்த்திருப்பாய், காணியின்ர பேர், எத்தினை பரப்பு, வடக்கால ஆர் கிழக்கால ஆர் எண்டு எல்லாம் கிடக்கும். எங்கட ஒழுங்கையில ஒராளின்ர காணி அப்பிடி வந்தது. அண்டைக்கு மனுசி அந்தப் பேப்பரை மடிச்சுத் தலையணைக்குக் கீழ வச்சவ, என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை.

எங்களுக்கும் கடைசிக் கடிதம் வந்த நேரம்தான், 2024இல, டிசம்பர் 15 வரைக்கும் பராட்டேயை நிப்பாட்டி வச்சு, பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டினவை. கடனையே தள்ளிவிட்டிட்டாங்கள் எண்டு நினைச்ச ஆக்களும் இருக்கினம். நிண்டது ஏலம் மட்டும்தான், வட்டி தன்ர பாட்டில ஓடினது. வைப்புக்காரரின்ர காசு என்னாகிறது எண்டு வங்கிகள் கேட்டவை, அதுவும் பொய்யில்லை, என்ர மாமியின்ர வைப்பு அதே வங்கியிலதான் கிடக்கு. அந்த மாதங்களுக்குள்ள புது மெசினையும் வானையும் வித்து, மனேஜரிட்டப் பத்துத் தரம் அலைஞ்சு ரீஷெடியூல் பண்ணினன், தண்ட வட்டியில ஒரு பங்கை விட்டவை, தவணை 12 வருசமா நீண்டது. வட்டியும் இறங்கிட்டுது. வீடு தப்பிட்டுது, கட்டி முடிய எனக்கு 68 வயசு.

ஆனபடியா அற்றோணி குடுக்காத. சின்னக் கடையாத் தொடங்கட்டும், லோன் வேணுமெண்டா வேற ஏதும் ஈடு வைக்கட்டும், அம்மா படுத்தெழும்பிற வீடு வேண்டாம். கோவிப்பான்தான். நான் மறிச்சனான் எண்டு சொல்லு, ஞாயிறு அவனைக் கண்டு நானே கதைக்கிறன்.

அம்மாவைப் போய்ப் பார்த்தனான், கால் வீக்கம் குறைஞ்சிருக்கு. கிணத்தடி மாமரம் இந்தமுறை அள்ளிக் காய்ச்சிருக்கு, ஊறுகாய் போட்டு வச்சிட்டு உனக்குக் கொண்டுவர ஆர் வருகினம் எண்டு போற வாற ஆக்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறா.