சயாம் ரயில் பாதையில் மாண்ட நம் தோட்டத்தாருக்கு நினைவுக்கல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மாரியம்மன் அருளால் தொடங்கிய நினைவுக்கல் பணி 9,400 ரிங்கிட் பற்றாக்குறையால் நின்றுபோயிருக்கிறது. புரட்டாசி மகாளய அமாவாசையன்று கல்லை நிறுத்தியாக வேண்டும். இறந்த திதி தெரியாதவர்களுக்குரிய நாள் அது. மாண்ட நம்மவர்களில் ஒருவரின் திதிகூடத் தெரியாது.

ரப்பர் தோட்டத்தில் நிரை பிடித்துப் பால்மரம் சீவியவர்கள் அவர்கள். இந்தக் கோயிலுக்கு முதல் கல்லைச் சுமந்தவர்களும் அவர்களே. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் ரப்பர் வாங்க ஆளில்லாமல் வேலை நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறானது. அப்போதுதான், ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (அன்றைய டாலர்) கூலி என்றார்கள். நம்பிப் போனவர்களும் உண்டு, லாரியில் அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் முகாம் முகாமாக வாந்திபேதி வாரிக்கொண்டு போனது. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். தலை எண்ணி எழுதி வைத்தவர் எவருமில்லை.

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய்வந்தவர்கள் அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே பாதை வேலையில் மாண்ட ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அங்கே வரிசையாக உறங்குகிறார்கள். கல்லுக்குக் கல் பெயர், வயது, படைப்பிரிவு. அவர்களுக்கு அது தகும். நம் பாட்டன்மாருக்கு ஒரு கைப்பிடி மண்கூட அடையாளமில்லை. இங்கே லயத்து வீடுகளில் காத்திருந்த பெண்கள் தாலியைக் கழற்றவும் மனமில்லாமல், பூ வைக்கவும் துணிவில்லாமல் கிழவிகளாகி இறந்தார்கள். அவர்கள் வளர்த்த பிள்ளைகளின் பிள்ளைகள் நாம்.

கணக்கு இதுதான். கல்லும் பீடமும் 11,500 ரிங்கிட், கொடுத்தாகிவிட்டது. பெயர் செதுக்க ஒன்றுக்கு 120 வீதம் 63 பெயர்களுக்கு 7,560. கூரைக்கும் வேலிக்கும் 3,940. மொத்தம் 23,000. வசூலானது 13,600. கையில் இருக்கும் 2,100 ரிங்கிட்டில் 17 பெயர்களைத்தான் செதுக்க முடியும். எந்த 46 பேரை விடுவது? நீங்களே சொல்லுங்கள்.

இதுவரை கொடுத்த ஒவ்வொரு கைக்கும் நன்றி. முதியோர் உதவித் தொகையிலிருந்து மாதம் 20 ரிங்கிட் முடிந்து வைத்துக் கொண்டுவந்து தந்த பாட்டிக்கு, ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்த லாரி ஓட்டுநர் தம்பிக்கு, பணம் வேண்டாமென்று சிமெண்ட் மூட்டைகளை இறக்கிய சீனக் கடைக்காரருக்கு, உண்டியல் உடைத்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, வீடு வீடாக நடந்து பெயர் திரட்டிய பெரியவர்களுக்கு. கடைக்காரருக்கு நம் பட்டியலில் உறவென்று ஒருவரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஏனென்றால் அந்த 63 பேரின் வழிவந்த 22 குடும்பங்கள் இன்னும் ஒரு ரிங்கிட்டும் தரவில்லை. சென்ற திருவிழாவில் ஒரே இரவு வாணவேடிக்கைக்குத் தாராளமாகக் கொடுத்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். மனம் நோகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பெற்றவர்களைப் பெற்றவர்களுக்குச் செய்யும் கடன் இது.

ஆவணி முடிவதற்குள் முழுக்கூலியும் வந்தால்தான் கல்தச்சர் உளி எடுப்பார். வெள்ளிக்கிழமை மாலை பூசைக்குப் பிறகு கோயில் அலுவலகத்தில் பணம் கட்டி இரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியல் கோயில் முகப்பில் ஒட்டியிருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் உடனே தெரிவியுங்கள். ஒருவரைப் பற்றி ‘கங்காணி வீட்டுச் சின்னப்பையன்’ என்பது மட்டுமே கிடைத்திருக்கிறது. அவர் பெயர் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், பணம் இல்லாவிட்டாலும் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
நினைவுக்கல் குழுவினர்