வவ்வால் மீனும் கூகுளும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன வாரம் காசிமேட்டு மீன் கடை அண்ணன் ஒருவர் கொஞ்சம் சூடாகவே போன் செய்தார். அவர் வெப்சைட்டில் முப்பது இடத்தில் இருந்த ‘காசிமேடு மீன் கடை’ என்ற சொற்களை நாங்கள் நாலு இடமாகக் குறைத்துவிட்டோம், காசு கொடுத்து எழுதி வாங்கியதை எதற்கு அழித்தீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உங்களுக்கும் அதே சந்தேகம் வரும் என்பதால் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறோம்.

வவ்வால் என்று மட்டும் எழுதினால் அது சட்டியில் வேகிறதா, மரத்தில் தொங்குகிறதா என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்துத்தான். கறுப்பு வவ்வாலா வெள்ளையா, கிலோ என்ன விலை, சுத்தம் செய்து வெட்டித் தருவீர்களா, குழம்புக்கு எது வறுவலுக்கு எது என்றெல்லாம் அதே பக்கத்தில் இருந்தால் குழப்பமே இல்லை. வெறும் வவ்வாலை முப்பது தடவை கூவினால் ஒரு பயனும் இல்லை, ஒரே சொல்லைத் திணிப்பதைக் கூகுள் தன் விதிகளில் ஸ்பேம் என்றே எழுதி வைத்திருக்கிறது. படிப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் கோடில் ஒளித்து வைக்கும் தேடுசொல் பட்டியலான மெட்டா கீவேர்டைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டார்கள்.

அப்புறம், ஊருக்கு ஊர் பேர் மாறும். நாம் வஞ்சிரம் என்பதைக் கன்னியாகுமரிக்காரர் நெய்மீன் என்று தேடுவார். இரண்டையும் ஒரு வாக்கியத்தில் இயல்பாகச் சொன்னால் போதும்.

‘உங்கள் சொல்லோடு தொடர்புள்ள சொற்கள், இதைச் சேர்த்தால் கூகுளில் மேலே வரலாம்’ என்று ‘எல்.எஸ்.ஐ. கீவேர்டு’ பட்டியல் விற்க யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எல்.எஸ்.ஐ. என்பது 1980-களில், வெப்சைட் என்பதே இல்லாத காலத்தில் வந்த ஆராய்ச்சி முறை. எல்.எஸ்.ஐ. கீவேர்டு என்று ஒன்றே கிடையாது என்று கூகுளின் ஜான் முல்லர் 2019-ல் சொன்னார். நாங்களும் ஒரு காலத்தில் காசு கொடுத்து அந்தப் பட்டியலை வாங்கியவர்கள்தான், அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

எங்களுக்கு வேண்டியது உங்கள் கல்லாவில் இருக்கிறது. வாடிக்கையாளர் போனிலும் நேரிலும் என்ன கேட்கிறாரோ, அதை அவர் வார்த்தையிலேயே வாட்ஸ்அப்பில் பேசியோ எழுதியோ அனுப்புங்கள், எழுத்துப்பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்த அண்ணன் நேற்று அனுப்பியதில் முதல் கேள்வியே, “ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலமாச்சே, உங்களுக்கு மட்டும் மீன் எங்கிருந்து வருது?” என்பதுதான். அதற்கு அவர் சொல்லும் பதில்தான் அவருடைய அடுத்த பக்கம்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து உங்கள் வெப்சைட்காரர்கள்