முடிவுரையை முதலில் எழுதுங்கள்: ஞாயிறு பிரசங்கம் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான குருவானவர்களுக்கும், உபதேசியார்களுக்கும், குருவானவர் வராத ஞாயிறுகளில் பீடம் ஏறுகிற சபையாருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

பிரசங்கம் நீளுகிறது என்று சபையில் முணுமுணுப்பு எழுந்தால், சொல்ல விஷயம் நிறைய இருந்தது என்று நாம் சமாதானம் செய்துகொள்கிறோம். பெரும்பாலும் அது காரணமல்ல. எங்கே முடிப்பது என்று தெரியாமலே ஏறிவிடுகிறோம். "கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்பது மூன்றாம் முறை வருவது அதனால்தான். ஆகவே எங்கள் வேண்டுகோள்: பிரசங்கத்தின் கடைசி ஐந்து வாக்கியங்களை வெள்ளிக்கிழமைக்குள் எழுதி முடியுங்கள். மற்றதெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேருகிற வழி.

அதை எழுத, பிரசங்கத்துக்கு எடுத்த வேதப் பகுதி என்ன சொல்லுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். திங்களன்று வசனத்தை மட்டும் படிக்காமல் முழு அதிகாரத்தையும், முடிந்தால் அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாய்விட்டு வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்பையும் 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விளக்கவுரைகளை வியாழன் வரைக்கும் திறக்க வேண்டாம். முன்னாலேயே திறந்தால் அடுத்தவருடைய மூன்று தலைப்புகள் மனதில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அவை எழுந்து போகாது.

வருஷப் பிறப்பு ஆராதனையை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு வசனம் என்று சபையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்திருக்கும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷமே வீடு கட்டுவீர்கள், பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று பிரசங்கம் ஓடும். ஒரு வசனம் முன்னால் போனால், 10-இல் எழுபது வருஷம் என்று இருக்கிறது. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின நிருபம். அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவர்களுக்குத்தான் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று 5 முதல் 7 வரை சொல்லியிருக்கிறது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேரே சொல்லுகிறார். 11-ஆம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து இந்த வருஷத்துக்கு வாக்குக் கொடுக்கிறவர் அனனியாவின் பக்கம் போய் நிற்கிறார்.

இவ்வளவையும் ஒரே வாக்கியமாகச் சுருக்கி எழுதுங்கள்: "உடனே வெளியே வர வழியில்லாத இடத்திலும் குடியிருந்து, அந்த இடத்தின் நன்மைக்காக ஜெபிக்கச் சொல்லுகிறார் கர்த்தர்." முடிவுரை தானாக வரும்: உங்களுக்குப் பிடிக்காத அலுவலகத்துக்காக, ஒத்துப்போகாத அண்டை வீட்டுக்காக இந்த வாரம் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அந்த வாக்கியத்துக்கு உதவாததை வெட்டுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நேரம் இருபது நிமிஷம். ஒரு பக்கம் எழுதி, பீடத்தில் பேசுகிற வேகத்தில் வாசித்துக் கடிகாரம் பாருங்கள். நான்கு நிமிஷம் பிடித்தால் உங்கள் எல்லை ஐந்து பக்கம். முன்னுரைக்கு இரண்டு நிமிஷம் போதும். கமிட்டியாருக்கும் பாடகர் குழுவுக்கும் வாழ்த்துச் சொல்லியே ஆறேழு நிமிஷம் கரைந்துபோகிறது. விளக்கத்துக்கு எட்டு, வாழ்க்கைக்குப் பொருத்திச் சொல்ல ஏழு, முடிவுரைக்கு இரண்டு. மீதி ஒரு நிமிஷம் தடுமாற்றத்துக்கு. வேறு வசனங்கள் இரண்டுக்கு மேல் திருப்பச் சொல்லாதீர்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து செப்பனியாவைத் தேடுகிறவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் ரோமருக்குப் போயிருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து இதைச் சொல்லுங்கள் என்பதையும் குறையுங்கள். அடுத்தது என்ன என்று பேசுகிறவருக்கு மறந்துபோன இடத்தில்தான் அது அதிகம் வருகிறது.

உதாரணக் கதைகளில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கழுகு நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து புது அலகோடு திரும்பும் என்பது பொய். அத்தனை மாதம் இரையெடுக்காமல் எந்தக் கழுகும் பிழைக்காது. ஏசாயா 40:31 கழுகுகளைப்போலச் செட்டைகளை, அதாவது சிறகுகளை, அடித்து எழும்புவதைப் பற்றித்தான் பேசுகிறது. முன்வரிசையில் உயிரியல் படிக்கிற பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அடுத்து நீங்கள் சொல்லுகிற உயிர்த்தெழுதலையும் அதே கணக்கில் வைத்துக்கொள்ளும். பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்தில் செத்துப்போனால் வெளியே இழுக்க அவன் காலில் கயிறு கட்டின கதையும் அப்படியே. யாத்திராகமம் 28-இல் அங்கியின் ஓரத்தில் மணிகள் உண்டு, கயிறு இல்லை. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்று ஆண்டவர் சொன்னதற்கு, எருசலேமில் ஊசிக்காது என்று ஒரு குறுகிய வாசல் இருந்தது, ஒட்டகம் முழங்காலிட்டு நுழையும் என்பதற்கும் ஆதாரமில்லை. முழங்காலிட்டால் நுழைந்துவிடலாம் என்றால் மாற்கு 10:26-இல் சீஷர்கள் ஏன் அப்படி ஆச்சரியப்பட வேண்டும்? மனுஷரால் கூடாது என்று ஆண்டவர் சொன்னதை நாம் கொஞ்சம் கஷ்டப்பட்டால் கூடும் என்று மாற்றிவிடுகிறோம்.

குரலைப் பற்றி. தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆம், இல்லை என்பதும் அதன் வாலில்தான் இருக்கிறது. வாக்கிய முடிவில் குரல் இறங்கினால் "கைவிடுவார்" என்றீர்களா "கைவிடமாட்டார்" என்றீர்களா என்று பின்வரிசைக்குத் தெரியாது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். பாடலுக்குப் போட்ட எக்கோவைப் பிரசங்கத்துக்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறிக்கொள்ளும். மைக் கூவினால் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் போகிறது என்று அர்த்தம். சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் சபையைப் பார்த்து வைக்க வேண்டும். குறிப்பு காகிதத்தில் இருக்கட்டும், பெரிய எழுத்தில், பக்க எண்ணோடு, மின்விசிறிக்குப் பறக்காதபடி கிளிப் போட்டு. போனில் வைத்தால் சரியாக ஜெபத்தின் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள்.

சபைத் தேர்தல் மனஸ்தாபத்தைப் பீடத்துக்குக் கொண்டுவராதீர்கள். கீழே இருப்பவர் எழுந்து பதில் சொல்ல முடியாத இடம் அது. யாரைக் குத்துகிறீர்கள் என்று சபை முழுவதற்கும் தெரியும். அந்த நிமிஷத்திலிருந்து யாரும் வசனத்தைக் கேட்பதில்லை.

அடக்க ஆராதனையில் ஏழு நிமிஷம் போதும். மரித்தவருடைய பெயரையும் வயதையும் பிள்ளைகளின் பெயரையும் வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் எங்கே போனார் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல.

ஞாயிறு மதியம் பதிவை ஒருமுறை கேளுங்கள். திங்களன்று இரண்டு பேரிடம், ஒரு மாணவரிடமும் ஒரு பாட்டியிடமும், நேற்று என்ன சொன்னேன் என்று கேளுங்கள். "நல்லா இருந்துச்சு ஐயா" என்பது பதிலல்ல. இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால், நீங்கள் எழுதின அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து, பிரசங்கத்தில் அது எத்தனையாவது நிமிஷத்தில் வந்தது என்று பதிவில் பாருங்கள்.

இப்படிக்கு,
உடன் ஊழியர்கள் சிலர்