தண்ணீர் வராத நாளில் கீரை விற்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் 27 வருடமாகக் கூடையில் கீரை விற்கிறேன். பத்தாவது வரை தமிழில் படித்தவள். கறிவேப்பிலை மடிக்க வாங்கும் பழைய பேப்பரைக்கூட முழுதாகப் படித்துவிட்டுத்தான் கிழிப்பேன். ஆனாலும் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வருடம் எங்கள் பகுதியில் திறந்து, எட்டே மாதத்தில் மூடிய ஒரு காய்கறி மையம்தான் காரணம்.

நல்ல எண்ணத்தோடுதான் திறந்தார்கள். ஊரைச் சுற்றி விளைவிக்கிறவர்களிடமும் மாடித்தோட்டக்காரர்களிடமும் நேராக வாங்கி, லைன் வீடுகளில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பது. நானும் போய்ப் பார்த்தேன். பாலக் பச்சைப் பசேல் என்று இருந்தது. என் கூடைச் சரக்கைவிட நல்ல சரக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கியதெல்லாம் பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள். எங்கள் லைன் பெண்கள் ஒருத்தரையும் காணோம். "இவங்களுக்குச் சத்தான சாப்பாட்டோட அருமை தெரியலை" என்று அங்கிருந்த ஒரு சின்னப் பெண் என்னிடமே சொன்னது. அது மனதில் தைத்துவிட்டது.

அருமை நன்றாகவே தெரியும். மையம் திறப்பது காலை பத்து மணிக்கு. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆறரைக்குக் கிளம்பி மூன்று மணிக்குத்தான் திரும்புவார்கள். அதற்குள் அங்கே பூட்டு தொங்கும். கட்டாகக் கிடைக்காது, கால் கிலோ பாக்கெட்தான். பணம் போனில் கட்ட வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே போன் காலையிலேயே வீட்டுக்காரரோடு வேலைக்குப் போயிருக்கும். என்னிடம் பத்து ரூபாய்க்கும் கீரை உண்டு. சனிக்கிழமை கூலி வந்ததும் தருகிறேன் என்றால் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் தண்ணீர். தண்டுக்கீரை ஒரு கட்டை மண் போக அலச ஒரு குடமாவது ஆகும். எங்கள் லைனில் காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வராத நாளில் என் கூடையில் பாதி அப்படியே திரும்பி வரும். 2024 கோடையில் ஊரே டேங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியபோது இரண்டு மாதம் நான் கீரையே எடுக்கவில்லை. வெள்ளரிக்காயும் பூசணிக் கீற்றும் விற்றேன். அப்புறம் ஒரு கோயில் போர்வெல் குழாயில் வேரை வெட்டி, அலசி எடுத்துப்போக ஆரம்பித்தேன். கட்டுக்கு இரண்டு ரூபாய் கூட. யாரும் முகம் சுளிக்கவில்லை, கூடையும் காலியானது.

அரிசிக்குக் குறையில்லை, ரேஷனில் அன்னபாக்யா வந்துவிடுகிறது. சோற்றில் பிசையத்தான் ஒன்றும் இருப்பதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்நாடகப் பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. எங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, கீரை சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

விளைவிக்கிறவர் பாடும் இலேசில்லை. ஹொஸ்கோட்டை, ஆனேக்கல், மாலூர் பக்கம் ராத்திரி டெம்போவில் ஏறும் கீரை விடிவதற்குள் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கும். ஏழு மணி தாண்டினால் பாதி விலை, பத்து மணிக்கு மேல் மாட்டுக்குத்தான். வாடுகிற சரக்கை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியுமா? அதனால் மையம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "இது விருஷபாவதிச் சாக்கடைத் தண்ணீர்க் கீரையா?" என்று என்னைக் கேட்கிறார்கள். எந்தத் தோட்டத்துக் கீரை என்று எனக்கே தெரியாது. மையத்துக்குத் தெரிந்திருக்கும். இந்த ஊருக்கு இது புது யோசனையும் இல்லை. 1959-இல் தோட்டக்கலைத் துறை அதிகாரி மரிகௌடா திராட்சை விவசாயிகளை வைத்து ஆரம்பித்த சங்கம்தானே இன்றைக்குக் காய்கறி, பழக் கடைகள் நடத்தும் ஹாப்காம்ஸ் கூட்டுறவுச் சங்கம்.

என் பாட்டி சின்ன வயதில் சம்பங்கி ஏரிக்கரையில் இருந்த, தோட்ட வேலை செய்யும் திகளர் சமூகத்தாரின் தோட்டத்துக்கு நடந்தே போய்க் கீரை எடுத்து வருவாராம். இன்றைக்கு அங்கே கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. ஓரத்தில் மிச்சமிருக்கும் சின்னக் குளத்துக்குக் கரகத் திருவிழாவின்போது பூஜைக்கு வருகிறார்கள்.

இந்திராநகரில் ஒரு வீட்டில் பெரிய முருங்கை மரம். வீட்டம்மா வயதானவர், பறிக்க ஆளில்லை. வாரம் ஒரு நாள் நான் ஒடித்து, அவருக்கு இரண்டு பிடி உருவிக் கொடுத்துவிட்டு மீதியை லைனுக்கு எடுத்துப் போவேன். இப்படி ஐந்து வீடு இருக்கிறது. ஒரு மொட்டை மாடியில் பசலைக் கொடி, ஒரு வீட்டில் கறிவேப்பிலை. மையத்தார் இணைக்க நினைத்த இரண்டு பக்கத்துக்கும் நான் தினமும் நடக்கிறேன். நடுவில் யாரும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னபோது, அந்த 'யாரும்' நான்தான் என்று புரியச் சற்று நேரம் ஆனது.

சமூகப்பணி படிக்கும் என் மகள் ஒன்று சொன்னாள். பிரேசிலில் பெலோ ஹொரிசோன்டே என்ற ஊரில் 1993-இல் நகராட்சியே உணவுக்கென்று தனித் துறை தொடங்கியதாம். ஊருக்குள் நல்ல இடத்தில் காய்கறிக் கடை போட இடம் தரும். பதிலுக்குச் சில காய்களை நகராட்சி வைத்த விலைக்கே விற்க வேண்டும். வாரக் கடைசியில் ஏழைகள் இருக்கும் வெளிப்பகுதிகளுக்கு வண்டியில் சரக்கோடு போகவும் வேண்டும். சரியான பேச்சு என்று பட்டது.

மையத்தை மறுபடி திறக்கப் போவதாகக் கேள்விப்படுகிறேன். சரி, திறக்கட்டும். மையத்தாருக்கு நான் சொல்வது இதுதான். விடிகாலை ஐந்து மணிக்குக் கீரைக்காரப் பெண்கள் பத்துப் பேருக்குச் சரக்கைக் கொடுங்கள், விற்று வந்து பணம் கட்டுகிறோம். ஒரு தண்ணீர்த் தொட்டியும் வேர் வெட்ட ஒரு மேடையும் போடுங்கள். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதமாவது வியாபாரிகள் இருக்க வேண்டும். உங்கள் கமிட்டியிலும் அந்தக் கணக்கு இருக்கட்டும்.

அந்தச் சின்னப் பெண்ணின் நம்பர் என்னிடம் இல்லை. இதைப் படித்தால் ஒரு நாள் மூன்று மணிக்கு மேல் என்னோடு லைனுக்கு வரச் சொல்லுங்கள். தண்ணீர் வராத நாளாகப் பார்த்து வரட்டும்.

இப்படிக்கு,
கீரை விற்கும் ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு