பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசப் பந்தல் விவரங்கள், ஞாயிறு இரவு கூட்டம்

வணக்கம் நண்பர்களே.

போன தைப்பூசத்தில் மாநகர் மன்ற அனுமதிக் கடிதம் ஒருவருடைய கைப்பேசியில் மட்டும் இருந்து, அதுவும் உடைந்துபோய், ராத்திரி 11 மணிக்கு நாம் ஓடிய ஓட்டம் ஞாபகம் இருக்கும். இந்த முறை அது வேண்டாம்.

கூட்டம்: நவம்பர் 15, ஞாயிறு, இரவு 8.30, கூகுள் மீட். இலவசக் கணக்கு, 60 நிமிடத்தில் துண்டித்துவிடும், அதனால் நேரத்துக்கு வாருங்கள்.

1. கூகுள் டிரைவில் பொதுக் கோப்புறை திறந்தாச்சு. பழைய கடிதங்கள், கூடார வாடகை, ஐஸ்காரர் எண், கணக்கு எல்லாவற்றையும் ஏற்றவும்.
2. ஐசி (அடையாள அட்டை) நகல் போடக் கூடாது.
3. படங்கள் வேண்டாம், இடம் 15 ஜிபிதான்.
4. சமையல் பொறுப்பில் இருக்கும் அக்காமார்கள், மோர் கரைக்கும் அளவு, கேஸ் தோம்பு (சிலிண்டர்) மாட்டும் முறை இரண்டையும் 5 நிமிடக் காணொளியாக எடுத்துத் தாருங்கள். புதிய இளையர்கள் அதைப் பார்த்து, கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்விக்குப் பதில் போட்ட பிறகே அடுப்புப் பக்கம் வரலாம் (போன தடவை ரெகுலேட்டரைத் தப்பாக மாட்டியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை).

வருகிறீர்களா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிப் போடவும். வெறும் கட்டைவிரல் போட்டால் எனக்கு ஒன்றும் புரியாது.